ஆட்டுப்பட்டியும் ஓவியச் சுவரும்: குழுவாக ஆடு வளர்த்து உணவைப் படிப்பது எப்படி

பத்துப் பேர் சேர்ந்து வெள்ளாடு வளர்த்து, அதை வைத்தே வரைந்து, செதுக்கி, சமைத்து, சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கற்றுக்கொள்ளலாம் என்ற யோசனையைச் சொன்னவுடன் எல்லோருக்கும் பிடித்துவிடும். சிக்கல் ஒன்றுதான், ஆட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. காலையும் மாலையும் யாராவது போய்த்தான் ஆக வேண்டும், மழையானாலும், பரீட்சையானாலும், குழுவில் பாதிப் பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனாலும்.

அதனால் ஆட்டுக்கு முன்னால் முறைப்பட்டியலைப் போடுங்கள். ஒரு பெரிய பலகையில் மாதத்தின் எல்லா நாட்களுக்கும் கட்டம் வரைந்து, ஒவ்வொருவரும் தனக்கென ஒரு நிறமோ சின்னமோ வைத்துக்கொண்டு, வேலை முடித்ததும் கட்டத்தை நிரப்ப வேண்டும். இதுதான் உங்கள் முதல் கூட்டு ஓவியம். ஆடு வருவதற்கு முன்பே ஒரு மாதம் இதை ஓட்டிப் பாருங்கள்: காலையில் வந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பு, மாலையில் தழை ஒடித்து வந்து எடை போடு, கட்டத்தை நிரப்பு. இல்லாத ஆட்டுக்கு எதற்கு இந்தக் கூத்து என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாதக் கடைசியில் பலகையில் வெள்ளைக் கட்டங்கள் நிறைய இருந்தால் ஆடு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கலை எங்கே வருகிறது?

நிறைய குழுக்களில் நடப்பது இது: நாலு பேர் சாணி அள்ளுவார்கள், மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து ஓவியப் பட்டறை நடத்துவார்கள், இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. வேலியில் பூ வரைந்துவிட்டு இதுதான் சமூகக் கலை என்பார்கள். நான் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: கொட்டிலில் எழாத கேள்விக்குச் சுவரில் இடம் கிடையாது. இன்று ஆடு எந்த இலையைத் தொடவில்லை, போன வாரத்தைவிட எடை ஏன் குறைந்தது, இந்தப் பாலில் எத்தனை பேர் குடிக்கலாம், இப்படி வேலையிலிருந்து கேள்வி வர வேண்டும், வரைவது அதற்கு விடை தேடுவதாக இருக்க வேண்டும்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1974-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பானி ஓரா ஷெர்க் என்ற கலைஞர், நெடுஞ்சாலை மேம்பாலங்களை ஒட்டிக் கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு பண்ணையைத் தொடங்கினார். தோட்டம், கால்நடைகள், நாடகம், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வளாகத்தில். 1982-இல் ஆக்னஸ் டெனிஸ், நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மண் கொட்டி நிரப்பிய வெற்று நிலத்தில் சுமார் 2 ஏக்கருக்குக் கோதுமை விதைத்து அறுவடையும் செய்தார். பயிரை வரையவில்லை, பயிர் செய்தார், அதுவே படைப்பு.

முதலில் முடிவு செய்ய வேண்டியது

இதில் அவசரப்படாதீர்கள். ஆடு எதற்கு? பாலுக்கா, இறைச்சிக்கா, புதர் மேய்ந்து எரு போட்டால் போதுமா?

பால் என்றால் சாதுவான விஷயம், யாரையும் அறுக்க வேண்டியதில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பால் வேண்டுமானால் ஆடு குட்டி போட வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பிறக்கும் குட்டிகளில் பாதி கிடாவாக இருக்கும், அந்தக் கிடாக்கள் பால் தரப்போவதில்லை. எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்றினால் சில வருடங்களில் இடமும் தீவனமும் காணாது. விற்றால் வாங்குபவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆக, பால் குடிக்கிற குழுவும் இறைச்சிக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. உணவைப் பற்றிக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு இந்த இடத்தைவிடப் பெரிய பாடம் வேறு கிடைக்காது, அதனால் இதை மூடி மறைக்காமல் முதல் கூட்டத்திலேயே மேசையில் போடுங்கள்.

பேசுவதற்கு ஒரு வழி: நீளமான தாள் ஒன்றை விரித்து, நடுவில் ஒரு பெட்டை ஆட்டை வரைந்து, அதன் பத்து வருட வாழ்க்கையை எல்லோரும் சேர்ந்து கோடாக இழுங்கள். எப்போது சினை, எத்தனை குட்டி, ஒவ்வொரு குட்டியும் எங்கே போகிறது, பால் வற்றியபின் தாய் எங்கே இருக்கும். கோடு எங்கே முட்டி நிற்கிறதோ அங்கே வாதம் சூடு பிடிக்கும், பிடிக்கட்டும். சைவம் சாப்பிடுபவர், இறைச்சி சாப்பிடுபவர், முடிவு தெரியாமல் தவிப்பவர் மூவரும் ஒரே தாளில் எழுதட்டும். அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் சுவரில் மாட்டிவையுங்கள், இரண்டு வருடம் கழித்து அதில் பாதி மாறியிருக்கும்.

என்னைக் கேட்டால், முதல் வருடம் பாலும் வேண்டாம், குட்டியும் வேண்டாம். காயடித்த இரண்டு இளங்கிடாக்கள் போதும். சாதுவாக இருக்கும், கிடா வாடை அடிக்காது, கறக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை, மேய்க்கவும் வரையவும் பழகிக்கொள்ளலாம். இரண்டு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஆடு கூட்டத்தில் வாழும் பிராணி, ஒற்றையாகக் கட்டினால் நாள் முழுக்கக் கத்தியே உயிரை விடும், அக்கம்பக்கத்தாரின் உயிரையும் எடுத்துவிடும்.

இடம், வேலி, சாயம்

உள்ளாட்சி விதியில் ஆடு வளர்க்க அனுமதி உண்டா, பதிவு தேவையா என்று கேட்டுவிடுங்கள். ஆடுகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரையும் ஆடு வாங்கும் முன்பே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், நடுராத்திரியில் வயிறு உப்பிக்கொண்ட ஆட்டை வைத்துக்கொண்டு எண் தேடக் கூடாது.

கொட்டிலில் ஆடு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர், ஈரம் தங்காத தரை, காற்றோட்டம். ஆட்டுக்குக் குளிரைவிட நசநசப்புதான் எதிரி. வேலி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பி வலையின் கண் தலை நுழையும் அளவிலும் கொம்பு திரும்ப வராத அளவிலும் இருந்தால் தினமும் ஒரு ஆட்டை விடுவிப்பதே வேலையாகிவிடும், எனவே 10 சென்டிமீட்டருக்குச் சிறிய கண்ணாகப் பாருங்கள். மேடும் படியும் போட்டுக்கொடுங்கள், ஏறாமல் இருக்க அதனால் முடியாது. அந்த ஏறுமேடையையே குழுவின் முதல் சிற்பமாகச் செய்யலாம்: பழைய மரத்துண்டு, கல், கனமான டயர் என்று கிடைத்ததை அடுக்கிக் கட்டி, ஆடு பயன்படுத்தினால் சிற்பம் தேறியது, பயன்படுத்தாவிட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள். ஆட்டைவிடக் கறாரான விமர்சகர் கிடைக்க மாட்டார்.

சுவரோவியத்தை எங்கே வரைவது என்பதில் கவனம் தேவை. ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று எட்டிக் கடிக்கும், நக்கும், சுரண்டும். ஆகவே கொட்டிலின் வெளிப்பக்கம், அதுவும் வேலிக்கு அப்பால். பழைய கட்டடமாக இருந்தால் உரிந்து நிற்கும் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், அதைச் சோதிக்காமல் சுரண்டாதீர்கள், அந்தத் தூள் ஆட்டுக்கும் பிள்ளைகளுக்கும் விஷம். இன்னொன்று, பட்டறை முடிந்ததும் தரையில் கிடக்கும் நூல், பிளாஸ்டிக், ஸ்டேப்பிள் முள், பலூன், ஜிகினா. இவை ஆட்டு வயிற்றின் முதல் அறையில் போய்த் தங்கிவிடும், வெளியே வராது. கலைப் பொருட்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஆட்டுப் பட்டியில் பலூன் கட்டுவதே கூடாது என்பது என் கட்சி.

வாங்கும்போது

பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்காதீர்கள். கண் பளிச்சென்று இருக்கிறதா, மூக்கு ஒழுகவில்லையே, நொண்டவில்லையே, வாலடி சுத்தமாக இருக்கிறதா, கூட்டத்தோடு நின்று அசை போடுகிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்: மேல்தாடையில் முன்பல்லே இருக்காது, அது எல்லா ஆட்டுக்கும் அப்படித்தான், பயப்பட வேண்டாம். கீழே நடுவில் ஒரு ஜோடி பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஒன்றுக்கு மேல், இரண்டு ஜோடி என்றால் ஏறக்குறைய இரண்டு, மூன்று ஜோடிக்கு மூன்று, நான்கு ஜோடியும் நிறைந்தால் நான்கு அல்லது அதற்கு மேல். வாங்குபவர்களோடு வரையத் தெரிந்த ஒருவரும் போய் அந்தப் பல்லைப் படமாக வரைந்து வரட்டும், ஆட்டின் பதிவேட்டில் முதல் பக்கம் அதுதான். ஏற்கெனவே ஆடுகள் இருக்கும் இடத்துக்குப் புதிதாகக் கொண்டு வந்தால் மூன்று நான்கு வாரம் தனியே வைத்திருங்கள். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்குத் தடுப்பூசி உங்கள் பகுதியில் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தீவனம், அதாவது பாடத்தின் பெரும்பகுதி

ஆடு குனிந்து புல் மேய்வதைவிட நிமிர்ந்து தழை கடிப்பதையே விரும்பும். அதற்குப் பின்னால் ஆரோக்கியக் காரணமும் இருக்கிறது: குடற்புழுக்களின் இளம் பருவம் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும், தரையோடு ஒட்டி மேய்ந்தால் புழு ஏறும், உயரத்தில் தின்றால் குறையும். எனவே தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள்.

உலர்ந்த எடையில் கணக்குப் போட்டால் ஆடு தன் உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம் தின்னும். 30 கிலோ ஆடு என்றால் தினமும் ஏறக்குறைய ஒரு கிலோ. ஆனால் பச்சைத் தழையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான், அப்படியானால் ஏறக்குறைய 5 கிலோ பசுந்தழை வெட்டி வர வேண்டும், ஒரு ஆட்டுக்கு, ஒரு நாளைக்கு. இந்த எண்ணைச் சொல்வதைவிட ஒரு வாரத் தழையை எடை போட்டுக் குவித்து, அதன் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, நிஜ அளவிலேயே சுவரில் வரைந்து பாருங்கள். இறைச்சிக்கும் பாலுக்கும் பின்னால் எவ்வளவு பச்சை இருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும்.

தழை ஏட்டைத் தொடங்குங்கள். ஆடு விரும்பித் தின்றது, முகர்ந்துவிட்டுப் போனது, தொடவே விடக் கூடாதது என்று மூன்று பகுதி. ஒவ்வொரு இலையையும் அச்சு எடுத்து ஒட்டி, கீழே தேதி. மூன்றாம் பகுதியில் அரளி, உண்ணிச்செடி, ரோடோடெண்ட்ரான், யூ மரம், அவகாடோ இலை ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். ஆடு எல்லாவற்றையும் தின்னும், அதற்குத் தெரியும் எது நல்லது என்று என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், பசித்த ஆடு அரளியையும் கடிக்கும்.

தானியத்தில் கை வைக்கும் முன் ஆட்டின் நான்கறை வயிற்றைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்கின்றன. திடீரென்று நிறைய தானியமோ ரொட்டியோ விழுந்தால் அங்கே அமிலம் கூடி, அந்த நுண்ணுயிர்கள் செத்து, ஆடும் சாகலாம். ஆகவே தீவனத்தை மாற்றுவதென்றால் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுக மாற்றுங்கள். பார்வையாளர்கள் அன்பின் மிகுதியில் பிஸ்கட் நீட்டுவார்கள், அது பெரிய தொல்லை. "ஊட்டாதீர்கள்" என்று எழுதிய பலகையை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில் ஆட்டின் வயிற்றை உள்ளே தெரியும்படி பெரிதாக வரைந்து, நுழைவாசலில் வைத்து, ரொட்டி போனால் என்ன நடக்கும் என்று படமாகக் காட்டுங்கள். அப்படியும் கேட்காதவருக்கு ஒரு கொத்துத் தழையைக் கையில் கொடுத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும், அழுக்குத் தண்ணீரை ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது. வெள்ளாட்டுக்கென்றே விற்கும் தாது உப்புக்கட்டியைத் தொங்கவிடுங்கள். செம்மறிக்கான கலவை உதவாது, செம்மறிக்குத் தாமிரம் நஞ்சாகும் என்பதால் அதில் தாமிரம் சேர்க்க மாட்டார்கள், வெள்ளாட்டுக்கோ அது தேவை.

அளந்து வரைதல்

தராசு இல்லாவிட்டாலும் எடை தெரிந்துகொள்ளலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனைவரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோவில் ஏறக்குறைய எடை வரும். சுற்றளவு 70, நீளம் 65 என்றால் 29 கிலோ சொச்சம். வாராவாரம் ஒரே கிழமையில் அளந்து, ஆட்டின் வெளிக்கோட்டை நிஜ அளவில் ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்துகொண்டே வாருங்கள். ஆறு மாதத்தில் வளர்ச்சி அப்படியே கோடுகளாக நிற்கும். எடை குறைந்த வாரத்துக் கோடு உள்ளே தள்ளி விழும், உடனே ஏன் என்று பார்க்கலாம்.

உயிருள்ள ஆட்டை வரைவது தனிக் கலை, அது நிற்காது. அரை நிமிட வரைவுகளாக நிறைய போடச் சொல்லுங்கள். கண்ணின் பாவை படுக்கைவாட்டில் நீள்சதுரமாக இருக்கும், அதனால் ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் பார்க்கும். அசை போடும் தாடை பக்கவாட்டில் அரைக்கும். வரைந்து பழகிய கண் நோயையும் சீக்கிரம் பிடித்துவிடும், காது தொங்கியது, முதுகு வளைந்தது, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி நிற்பது எல்லாம் வரைகிறவருக்குத்தான் முதலில் தெரியும். உடல் வெப்பம் 38.5 முதல் 39.7 டிகிரி செல்சியஸ்வரை இயல்பு, அதைத் தாண்டினால் மருத்துவர்.

ரத்தம் உறிஞ்சும் குடற்புழு இருக்கிறதா என்று பார்க்கக் கீழ்க்கண்ணிமையின் உட்புற நிறத்தைப் பார்ப்பார்கள், நல்ல சிவப்பு என்றால் பரவாயில்லை, வெளுக்க வெளுக்க ரத்தசோகை. இதற்குத் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா என்ற ஐந்து நிற அட்டை உண்டு. நாமே நிறம் குழைத்து ஓர் அட்டை செய்துகொள்ளலாமே என்று ஓவியர்கள் ஆசைப்படுவார்கள், வேண்டாம், நிறம் ஒரு படி தவறினாலும் ஆடு போய்விடும். அசல் அட்டையை வைத்துப் பழகுங்கள். புழு மருந்தை எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றினால் புழுக்களுக்கு அது பழகிப்போய் மருந்து வேலை செய்யாமல் போகும், தேவைப்பட்ட ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவுங்கள்.

பாலிலிருந்து சாயம்

இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். பாலின் புரதம் பழங்காலத்திலிருந்தே சாயத்துக்குப் பசையாகப் பயன்பட்டிருக்கிறது. கொழுப்பு நீக்கிய பால் ஒரு லிட்டரை வெதுவெதுப்பாக்கி, வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் திரிய விடுங்கள். துணியில் வடித்து, தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பிழியுங்கள். அந்தத் திரளில் சமையல் சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்தால் நுரைத்து, பிறகு இளகி ஒட்டும் கூழாகும். சலித்த மண், கரித்தூள், செங்கல்தூள் எதையாவது அதில் அரைத்துக் கலந்தால் சாயம் தயார். நீற்றுச் சுண்ணாம்புக் களியில் குழைத்தால் சுவரில் இன்னும் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், கையுறையும் கண்ணாடியும் போட்ட பெரியவர்கள் மட்டும் செய்யட்டும். அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் நாறும்.

ஆட்டுப்பாலில் ஒரு தொந்தரவு, சும்மா வைத்தால் ஆடை சீக்கிரம் பிரியாது. கொழுப்பு நீக்கும் கருவி இல்லாவிட்டால் கடையில் வாங்கிய கொழுப்பற்ற பாலில் செய்துவிட்டு, ஏன் இது பிரிகிறது, நம் ஆட்டுப்பால் ஏன் பிரிவதில்லை என்று பேசுங்கள். திரிந்து கெட்ட பால், மருந்து கொடுத்த நாட்களில் குடிக்க முடியாமல் ஒதுக்கும் பால் எல்லாம் வீணாகாமல் இதற்குப் போகும்.

பாலும் இறைச்சியும்

இரண்டாம் வருடம் குட்டிக்குத் தயாரானால்: பெட்டை ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும், அதில்தான் அதன் நோய் எதிர்ப்பு சக்தி. பிரசவ நேரத்தில் கர்ப்பிணிகள் கொட்டில் பக்கம் வரவே கூடாது, ஆட்டிலிருந்து மனிதருக்குப் பரவும் க்யூ காய்ச்சல் போன்ற நோய்கள் தொற்றும். மற்ற நாட்களிலும் ஆட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், கைசுத்திகரிப்பான் திரவம் மட்டும் போதாது. கொட்டிலுக்குள் தின்பண்டம் கூடாது.

கறக்கும்போது மடியைத் துடைத்து, முதல் இரண்டு பீச்சலைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரிந்த கட்டி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மடிநோய். பொதுவில் பரிமாறும் பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தோ, நன்றாகக் கொதிக்கவிட்டோதான் கொடுக்க வேண்டும். பச்சைப் பாலில் புருசெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம், இதில் சமரசம் கிடையாது.

இறைச்சிக்கு என்று முடிவெடுத்திருந்தால் சட்டப்படி அனுமதி உள்ள இடத்தில், தெரிந்தவர் கையால் நடக்கட்டும். வர விரும்புபவர் வரட்டும், வராதவரைக் கேலி செய்யக் கூடாது, பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரிடம் முன்பே பேசுங்கள். உயிர் எடையில் பாதிக்கும் குறைவுதான் வெட்டிய உடலாகத் தேறும், அதிலும் எலும்பு உண்டு. 30 கிலோ ஆட்டுக்கு 14 கிலோ வந்தால் அதிகம். அதைத் தழைக் குவியல் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவில் வரையுங்கள். பெயர் வைக்கலாமா என்ற சண்டை எப்படியும் வரும். வையுங்கள் என்பேன் நான், பெயர் தெரிந்த ஒன்றைச் சாப்பிட முடியாது என்று யாராவது சொன்னால் அதுவும் இந்த வேலையில் கிடைத்த பதில்தான்.

புழுக்கையை மட்க வைத்துத் தோட்டத்துக்குப் போடுங்கள். மட்காத எருவைப் போட்டால் பச்சையாகச் சாப்பிடும் காய்கறியைப் பறிக்க 120 நாள் பொறுக்க வேண்டும்.

பணம் நின்றபின்

கலைத் திட்டங்களுக்கு வரும் நிதி பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடியும். நன்றாகப் பார்த்துக்கொண்ட ஆடு 12, 15 வருடம்கூட இருக்கும். நிதி கேட்டு எழுதும் மனுவிலேயே, திட்டம் முடிந்ததும் ஒவ்வொரு ஆடும் யாரிடம் போகிறது, அவர் சம்மதித்துவிட்டாரா, ஆறு மாதத் தீவனச் செலவு தனியே எடுத்து வைத்திருக்கிறதா என்று எழுதுங்கள். அவரை முதல் நாளிலிருந்தே முறைப்பட்டியலில் சேர்த்துவிட்டால் ஆட்டுக்கும் அவரைத் தெரிந்திருக்கும்.